இமை அழகு அறுவைக்குப் பின் மனநிறைவு இல்லையா? திருத்தச் சிகிச்சை குறித்து அறிய வேண்டியவை

“மூன்று வாரங்களுக்கு முன்பு இமை அறுவை செய்துகொண்டேன். ஒரு கண் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிகிறது. உடனே சரிசெய்ய முடியுமா?”

கண்ணிமைச் சீரமைப்புப் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம் என்று சிலர் அவசரப்படுவர். உறவினர் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டார் என்று சிலர் மனம் வெதும்பி வருவர். வேறொரு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு, அங்கே திரும்பச் செல்லத் தயங்கி இங்கு வருவோரும் உண்டு. அழகுக்காகச் செய்துகொண்ட அறுவையாயிற்றே, குறை சொன்னால் பிறர் நகைப்பார்களோ என்ற கூச்சத்தால் பல மாதங்கள் வாய் திறவாமல் இருப்போரையும் காண்கிறோம்.

பெரும்பாலான வேளைகளில் எங்கள் விடை, “சரிசெய்யலாம், ஆனால் இப்போது வேண்டா” என்பதாகவே இருக்கும். சிலருக்கு மட்டும், “ஒரு நாளும் தாமதிக்க வேண்டா” என்போம். மிகச் சிலரிடம், “இதை அறுவையால் தீர்க்க இயலாது” என்று சொல்ல நேர்கிறது. இம்மூன்று விடைகளுள் எது யாருக்குப் பொருந்தும், ஏன் பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

இமையின் முதற்கடமை

இமைச் சீரமைப்பு அறுவைக்கு மருத்துவ வழக்கில் பிளெஃபரோபிளாஸ்டி என்று பெயர். ஜெர்மானிய அறுவை மருத்துவரான கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபொன் கிரேஃப 1818ஆம் ஆண்டில் இச்சொல்லை ஆண்டபோது அழகு அவர் கருத்தில் இல்லை. இமையிலிருந்த புற்றுநோய்க் கட்டியை அகற்றியபின், இழந்த இமையை மீண்டும் உருவாக்கிய சிகிச்சையையே அவர் அவ்வாறு குறித்தார். கண்ணை மூடிக் காக்க இமை வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். இன்றும் அந்த வரிசை மாறவில்லை. இமை முதலில் மூட வேண்டும். தோற்றம் அதன் பிறகே.

நாம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். ஒவ்வொரு முறையும், கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலமாகிய கருவிழியின்மேல் கண்ணீர் ஒரே சீராகப் பரவுகிறது. உறக்கத்தில் இமைகள் பல மணி நேரம் மூடியிருந்து கருவிழி உலராமல் காக்கின்றன. ஓரிரு மி.மீ. அளவு மூடாமல் நின்றாலும், சிலருக்குக் கருவிழி வறண்டு புண்ணாகி, பார்வையே பாதிக்கப்படக்கூடும்.

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோலாகும். அதன் தடிப்பு ஒரு மி.மீ.கூட இராது. அதன் அடியில் கண்ணை மூடும் வட்டத் தசை, அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய திரை, அத்திரைக்குப் பின்னால் கொழுப்புப் பைகள், அவற்றுக்கும் பின்னால் இமையை உயர்த்தும் தசை என மேல் இமை அடுக்கடுக்காக அமைந்துள்ளது. மேல் இமையில் இரண்டும் கீழ் இமையில் மூன்றும் எனக் கொழுப்புப் பைகள் உள்ளன. அழகு அறுவையில் மிகுதியான தோலும், சிலருக்குச் சிறிதளவு தசையும் கொழுப்பும் நீக்கப்படுகின்றன அல்லது இடம் மாற்றப்படுகின்றன. புருவத்தின் கீழ் விளிம்புக்கும் இமை விளிம்புக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. தோலேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அறுவை மருத்துவர்கள் கைக்கொள்ளும் வழக்கமான அளவுகோல்.

இதிலிருந்து ஓர் எளிய உண்மை புலப்படும். குறைவாக எடுத்திருந்தால் பின்னர் மேலும் எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மிஞ்சி எடுத்துவிட்டால், அதை வேறோர் இடத்திலிருந்துதான் கொண்டுவந்து ஈடுசெய்ய வேண்டும். திருத்தச் சிகிச்சையில் எளியது எது, கடினமானது எது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடே.

எப்போது உடனே வர வேண்டும்?

கீழ்க்கண்ட அறிகுறிகள் தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டா. நள்ளிரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

• அறுவை முடிந்த முதல் நாளில், அரிதாகச் சில நாள்கள் கழித்து, ஒரு கண்ணில் திடீரெனக் கடும் வலி தோன்றி, கண் முன்தள்ளி, இமை கல்போல் இறுகுதல். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கி, பார்வை நரம்பை அழுத்துவதன் அடையாளம் இது. தையலைப் பிரித்து, தேவையானால் இமையின் வெளிமூலையை விடுவித்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பார்வைக்கு ஆபத்தே.
• பார்வை மங்குதல் அல்லது இருளுதல், புதிதாக இரட்டைப் பார்வை தோன்றுதல். களிம்பு இட்டதால் ஏற்படும் மங்கல், கண்ணைச் சிமிட்டினால் சற்று விலகும். விலகாத மங்கலைப் பொருட்படுத்தாமல் இருக்கக்கூடாது.
• ஒத்தடத்திற்கும் மென்மையான அழுத்தத்திற்கும் நிற்காத இரத்தக்கசிவு.
• நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல்.
• கண் மூடாத நிலையில் உறுத்தலும் வெளிச்சக் கூச்சமும் கூடுதல், கருவிழியில் வெண்புள்ளி தென்படுதல்.

ஏன் காத்திருக்கச் சொல்கிறோம்?

மேற்கண்ட அறிகுறிகள் எவையும் இல்லை, தோற்றம் மட்டும் திருப்தியாக இல்லை என்றால், பொதுவாக ஆறு மாதங்களாவது காத்திருக்குமாறு அறிவுறுத்துகிறோம். இது தட்டிக்கழிப்பதற்காகச் சொல்லப்படுவது அன்று.

இரத்தக்கட்டும் வெளிப்படையான வீக்கமும் முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் வடிந்துவிடும். உள்ளே எஞ்சும் நுண்ணிய வீக்கம் வடிய மேலும் சில மாதங்கள் ஆகும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. எந்தப் பக்கம் சாய்ந்து உறங்குகிறீர்களோ, அந்தப் பக்கம் காலையில் கூடுதலாக வீங்கியிருக்கும். எனவே மூன்றாம் வாரத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வு இறுதி நிலையாக இருக்க வேண்டியதில்லை.

தழும்புக்கும் தனியே ஒரு காலக்கணக்கு உண்டு. முதல் சில வாரங்களில் அது சிவந்து, தடித்து, கயிறுபோல் கைக்குத் தட்டுப்படும். பலர் அஞ்சி எங்களிடம் வருவது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் அது சிறிது சிறிதாக இளகும். முழுமையாக முதிர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். ஈரம் காயாத சுவருக்கு வண்ணம் பூசுவதில்லை அல்லவா? வீங்கி இறுகிய திசுவில் எடுக்கும் அளவுகள் பிழையாகும். அந்நிலையில் வெட்டினால், ஆறிய பிறகு புதியதொரு குறை தோன்றலாம். புதிய தழும்பு பழைய தழும்போடு சேர்ந்து இன்னும் இறுகலாம்.

காத்திருக்கும் காலம் வீணான காலம் அன்று. கண் வறட்சிக்குப் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளும் இரவில் களிம்பும் பயன்படும். மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறையில், சொன்ன நாளிலிருந்து மட்டும், இமையை நீவிவிடலாம். தாமாகத் தொடங்குதல் கூடாது. சிலருக்குத் தழும்பு இளக ஸ்டீராய்டு ஊசி இடப்படும். காயம் நன்கு ஆறும்வரை கண்மை, கண் ஒப்பனைப் பொருள்கள், பச்சிலைச் சாறு, எண்ணெய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நாள்தோறும் பலமுறை கண்ணாடி பார்ப்பதைவிட, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், முகத்துக்கு நேராகப் படம் எடுத்து வைப்பது நல்லது. கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் வைத்துத் தாமே எடுக்கும் படம் முகத்தின் அளவுகளை மாற்றிக் காட்டும். மற்றொருவரைச் சற்றுத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. கருவிழிக்கு ஆபத்து நேரும் அளவுக்குக் கண் மூடாதிருத்தல், கீழ் இமை முழுவதும் வெளிப்புறம் புரண்டு நிற்றல், இமையை உயர்த்தும் தசை அறுபட்டது தெளிவாகத் தெரிதல், தையல் பிரிந்து காயம் திறந்திருத்தல் ஆகிய நிலைகளில் ஆறு மாதக் கணக்குப் பொருந்தாது.

குறைகளும் தீர்வுகளும்

1. மேல் இமையில் தோல் எஞ்சியிருத்தல்

திருத்தங்களுள் எளியது இதுவே. மரத்துப்போகும் ஊசி மட்டும் இட்டு, பழைய கோட்டிலேயே சிறிதளவு தோலை நீக்கிவிடலாம். ஆனால் அதற்குமுன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். இமைத்தோல் மிகுதியாகத் தெரிவது, உண்மையில் புருவம் தாழ்ந்ததன் விளைவாக இருக்கலாம். அவ்வாறாயின் இமைத்தோலை மேன்மேலும் வெட்டுவது பிழை. புருவம் இமையை நோக்கி இன்னும் இறங்கும். ஒருநாள் கண்ணை மூடவே தோல் போதாமற்போகும். இத்தகையோருக்குப் புருவத்தை உயர்த்துவதே உரிய தீர்வு.

2. இமை மடிப்பு இரு கண்களிலும் வேறுபடுதல்

மடிப்பு ஒன்றில் உயரமாகவும் மற்றொன்றில் தாழ்வாகவும் அமையலாம். ஒரே இமையில் இரண்டு மூன்று மடிப்புகள் விழுவதும் உண்டு. தாழ்ந்த மடிப்பை உயர்த்துவது ஒப்பீட்டளவில் எளிது. உயர்ந்துவிட்ட மடிப்பைத் தாழ்த்துவது கடினம். பழைய ஒட்டுகளை விடுவித்து, அவை மீண்டும் ஒட்டிக்கொள்ளாதவாறு இடையில் கொழுப்பைப் பரப்பி, புதிய இடத்தில் மடிப்பைப் பொருத்த வேண்டியிருக்கும். அரை மி.மீ., ஒரு மி.மீ. அளவிலான வேறுபாடு, அறுவையே செய்துகொள்ளாதவர்களின் முகத்திலும் இயல்பாகக் காணப்படுவது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

3. இமை தாழ்ந்து நிற்றல்

இமைத்தோல் தொங்குவதும் இமையே தாழ்வதும் ஒன்றல்ல. இயல்பாக மேல் இமையின் விளிம்பு கருவிழியின் மேற்பகுதியை ஓரிரு மி.மீ. அளவே மறைக்கும். இமையை உயர்த்தும் தசை தளர்ந்திருந்தால் அவ்விளிம்பு கண்மணியை நோக்கி இறங்கும். முதல் அறுவைக்கு முன்பே இத்தளர்ச்சி இருந்து, தொங்கிய தோல் அதை மறைத்திருக்கலாம்; தோலை நீக்கியதும் அது வெளிப்படும். அறுவையின்போது தசை கன்றியதாலும் ஏற்படலாம். கன்றியதால் வந்த தொய்வு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தெளிவதுண்டு. தெளியாவிட்டால் தசையை இறுக்கிப் பொருத்தும் அறுவை தேவைப்படும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரு இமைகளையும் உயர்த்துமாறு மூளை ஒரே அளவான கட்டளையையே அனுப்புகிறது. ஒரு கண் தாழ்ந்திருக்கும்போது மூளை கட்டளையைக் கூட்டுவதால் மற்றொரு கண் அகலத் திறந்திருக்கும். தாழ்ந்த கண்ணைச் சரிசெய்ததும் கட்டளை குறைந்து, நலமாகத் தெரிந்த கண் சற்றே இறங்கலாம். ஆகவே, “குறை இந்தக் கண்ணில்தானே, ஏன் அந்தக் கண்ணையும் அளக்கிறீர்கள்?” என்று ஐயுற வேண்டா.

4. கண் முழுமையாக மூடாதிருத்தல்

முதல் சில நாள்களில் வீக்கத்தாலும் தசைத் தளர்ச்சியாலும் இமை சற்றே மூடாதிருப்பது இயல்பு. அது பெரும்பாலும் சரியாகிவிடும். பல வாரங்கள் கடந்தும் மூடவில்லையெனில், தோல் குறைந்துள்ளதா, உட்தழும்பு இழுக்கிறதா என்று ஆராய வேண்டும். கருவிழியில் வண்ணச்சாயம் இட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், வறண்டு சிதைந்த இடங்கள் தெரியவரும்.

தழும்பு இழுப்பதால் நேர்ந்ததாயின், அதை விடுவிப்பது போதுமானதாக இருக்கலாம். தோலே போதாதெனில் ஒட்டுத்தோல் வைக்க வேண்டும். மற்றோர் இமையில் உபரித் தோல் இருந்தால் நிறத்திலும் மென்மையிலும் அதுவே சிறந்த பொருத்தம். இல்லையெனில் காதின் பின்புறத்திலிருந்தோ கழுத்து எலும்பின் மேற்பகுதியிலிருந்தோ எடுப்பர். ஒட்டுத்தோலின் நிறம் சுற்றுத்தோலோடு முழுமையாகப் பொருந்தாமல், கருத்தோ வெளுத்தோ தெரியலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அழகை நாடி வந்தவருக்கு அந்தத் திட்டு வருத்தம் தரும். அதனை அறிந்தே இதைப் பரிந்துரைக்கிறோம். கருவிழி புண்ணாகித் தழும்பேறிவிட்டால் அதனால் நேரும் பார்வைக் குறைவு மிகப் பெரியது.

5. கீழ் இமை இறங்குதல் அல்லது வெளிப்புறம் புரளுதல்

இயல்பாகக் கீழ் இமையின் விளிம்பு கருவிழியின் கீழ் எல்லையைத் தொட்டு நிற்கும். அறுவைக்குப் பின் அது இறங்கி, கருவிழிக்குக் கீழே வெள்ளைவிழி தெரிந்தால், பார்வை எப்போதும் திகைத்ததுபோல் தோன்றும், கண்ணீர் வழியும், காற்றுப் பட்டால் எரியும். கீழ்த்தோல் மிகுதியாக நீக்கப்பட்டிருக்கலாம். நடு அடுக்கில் தழும்பு இறுகியிருக்கலாம். வெளிமூலையில் இமையைத் தாங்கும் தசைநார் முன்பே தளர்ந்திருக்கலாம். பலரிடம் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும்.

லேசான இறக்கமாயின் மேல்நோக்கி நீவுதல், ஒட்டுநாடா, மருந்து ஆகியவற்றோடு காலமும் துணைசெய்யும். நிலைத்துவிட்ட இறக்கத்திற்கு, வெளிமூலைத் தசைநாரை இறுக்கி எலும்பின் உறையோடு பிணைப்பர். நடு அடுக்கின் தழும்பை விடுவித்தபின், இமையைத் தாங்கி நிறுத்த இடையில் ஓர் ஒட்டுத்திசு தேவைப்படலாம். வாயின் மேலண்ணத்திலிருந்தோ காதுக் குருத்தெலும்பிலிருந்தோ அது எடுக்கப்படும். தோல் குறைவாயின், கன்னத்தின் மென்திசுவை மேலே உயர்த்தியோ ஒட்டுத்தோல் வைத்தோ ஈடுசெய்வர். இமைத் திருத்தங்களுள் கடினமானவற்றில் இதுவும் ஒன்று. ஒரே அறுவையில் முழுப்பலன் கிட்டும் என்று நாங்கள் உறுதி கூறுவதில்லை.

6. கண் குழிந்து தெரிதல்

கொழுப்பு மிகுதியாக நீக்கப்பட்டால் கண் குழிந்து, முகம் களைத்தும் முதிர்ந்தும் தோன்றும். வயிறு அல்லது தொடையிலிருந்து எடுத்த கொழுப்பைச் சிறிது சிறிதாக நிரப்பலாம். ஆனால் வைத்த கொழுப்பு முழுவதும் நிலைப்பதில்லை. ஒரு பகுதி உடலால் உறிஞ்சப்படும். எஞ்சியது மெல்லிய இமைத்தோலின்கீழ் கட்டியாகத் தெரியும் வாய்ப்பும் உண்டு.

ஹயலுரானிக் அமிலம் என்னும் நிரப்பியை ஊசிமூலம் இடுவது மற்றொரு வழி. இது நிலையானதன்று. வேண்டாமெனில் ஹயலுரானிடேஸ் என்னும் மருந்தால் கரைத்துவிடலாம் என்பது இதன் நன்மை. எனினும் கண்ணைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்க்குள் நிரப்பி தவறிச் சென்றால் பார்வை இழப்பு நேரக்கூடும். அரிது என்றாலும், நேர்ந்தால் மீட்பது மிகக் கடினம். ஆகவே இந்த ஊசியை அழகு நிலையங்களில் ஒருபோதும் இட்டுக்கொள்ளக்கூடாது.

7. தழும்பும் சிறு கட்டிகளும்

மார்பிலும் தோளிலும் தழும்பு தடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள், இமையிலும் அவ்வாறே ஆகுமோ என்று அஞ்சுகின்றனர். இமைத்தோலில் அத்தகைய தடித்த தழும்பு உண்டாவது மிக அரிது. வெட்டுக்கோடு மூக்கின் பக்கம் நீண்டுவிட்டால் மட்டும், உள்மூலையில் தோல் சவ்வுபோல் இழுத்துக்கொள்ளலாம். அதைத் தோலின் திசையை மாற்றித் தைத்துச் சீராக்குவர். தையல் கோட்டில் தோன்றும் வெண்மையான சிறு பருக்கள் அச்சத்திற்குரியவை அல்ல. ஊசி முனையால் திறந்தால் போதும். அதை மருத்துவரே செய்ய வேண்டும்.

அறுவையால் தீராதவை

சில வேளைகளில் அறுவை செவ்வனே முடிந்திருக்கும். ஆனால் எதிர்பார்த்தது வேறாக இருந்திருக்கும். கண்ணைச் சுற்றிய கருவளையம் இதற்கு முதல் எடுத்துக்காட்டு. நம்மவரிடம் அது பெரும்பாலும் தோலின் நிறமியால் வருவது. கொழுப்புப் பையை நீக்குவதால் அந்நிறம் மாறாது. சிரிக்கும்போது கண்ணோரம் விழும் சுருக்கங்களும், கன்னமேட்டில் தங்கும் நீர்வீக்கமும் அவ்வாறே. இவற்றுக்காக மீண்டும் இமையை வெட்டுவதால் பயனில்லை, தீங்கு நேரலாம்.

சிலருக்குக் குறை பிறர் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாக இருக்கும். ஆனால் நாள் முழுவதும் அதே நினைவாகி, உறக்கமும் வேலையும் கெட்டு, வெளியே செல்லவும் மனமின்றிப் போய்விடும். இதுவும் நோயே, இதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சை அறுவை அன்று. இத்தகைய வேளையில் மனநல மருத்துவரைக் காணுமாறு நாங்கள் சொன்னால், உங்கள் துயரத்தை நாங்கள் நம்பவில்லை என்று பொருள்கொள்ள வேண்டா. மற்றோர் அறுவை அத்துயரத்தைப் பெருக்கிவிடும் என்பதாலேயே சொல்கிறோம்.

ஆலோசனைக்கு வரும்போது

முதல் அறுவையின் குறிப்புகள் எங்களுக்கு மிகவும் தேவை. எவ்வளவு தோல் எடுக்கப்பட்டது, கொழுப்பு நீக்கப்பட்டதா இடம் மாற்றப்பட்டதா, எந்த வழியாக வெட்டப்பட்டது என்பவை தெரிந்தால் திட்டமிடல் எளிதாகும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிமுறைகளின்படி, நோயாளி கேட்டுக்கொண்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். சண்டையிடுவதற்கென்று இதைக் கேட்க வேண்டியதில்லை; மேற்சிகிச்சைக்காக என்று அமைதியாகக் கேட்கலாம். இயன்றால் முதலில் அறுவை செய்த மருத்துவரையே ஒருமுறை காண்பது நலம். உங்கள் இமையின் உள்ளமைப்பை நேரில் கண்டவர் அவரே.

கீழ்க்கண்டவற்றையும் கொண்டு வாருங்கள்.

• அறுவைக்கு முன் எடுத்த படங்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய குடும்பப் படமாயினும் உதவும். ஏற்றத்தாழ்வு முன்பே இருந்ததா என்பதை அது காட்டிவிடும்.
• உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும். எனினும் அவற்றை உங்கள் இதய மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, நாட்டு மருந்து ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.
• நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு நோய், கண் வறட்சி, முன்பு செய்துகொண்ட லேசிக் சிகிச்சை ஆகியவை பற்றிய விவரம். தைராய்டு நோயால் கண்ணில் மாற்றம் இருந்தால், அது நிலைபெற்ற பிறகே திருத்த அறுவை செய்வது வழக்கம்.
• உங்களை வருத்தும் குறைகளுள் முதன்மையான இரண்டை மட்டும் எழுதிய தாள்.

புகைப்பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்திய பின்னரே திருத்த அறுவையை நினைக்க வேண்டும். புகை தோலின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ஒட்டுத்தோல் பற்றாமற்போகலாம்.

செலவைப் பற்றியும் தெளிவு வேண்டும். அழகுக்காகச் செய்யப்படும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பொருந்துவதில்லை. கண் மூடாமை, பார்வைப் புலத்தை இமை மறைத்தல் போன்ற மருத்துவத் தேவைகள் இருப்பின் நிலைமை வேறுபடலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

குடும்பத்தினருக்கு

உங்களால் மட்டுமே செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. உறங்கும்போது தம் கண் மூடியிருக்கிறதா என்பது நோயாளிக்குத் தெரியாது. அவர் அயர்ந்து உறங்கியபின், மங்கலான வெளிச்சத்தில், இமைகளுக்கிடையே வெள்ளைவிழி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு படம் எடுத்து அடுத்த நாளே எங்களிடம் காட்டுங்கள். பரிசோதனை அறையில் கண்ணை முயன்று மூடிக் காட்டுபவரிடம் நாங்கள் காண முடியாததை, அந்த ஒரு படம் காட்டிவிடும்.

மற்றொன்று, உங்கள் சொற்கள். “யார் இதைச் செய்துகொள்ளச் சொன்னது?” என்ற கேள்வியால் எந்தக் காயமும் ஆறுவதில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சி, உறுத்தலையும் மங்கலையும் மறைத்துவைத்து, கருவிழி புண்ணான பிறகு வருவோர் உண்டு. அதேபோல், திருமணமோ புதுமனை புகுவிழாவோ நெருங்குகிறது என்பதற்காக அறுவையை விரைவுபடுத்துமாறு வற்புறுத்தவும் வேண்டா. விழா ஒரு நாளில் முடியும். இமை வாழ்நாள் முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

திருத்த அறுவைக்கு உடன்படும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை பெறுங்கள். இந்தக் குறை தானாகவே மாற வாய்ப்புண்டா? அறுவைக்குப் பின் என் கண் முழுமையாக மூடுமா? எதிர்பார்த்த பலன் கிட்டாவிட்டால் அடுத்த வழி என்ன? இம்மூன்றுக்கும் நீங்களும் உங்கள் குடும்பத்தினரும் புரிந்துகொள்ளும்படி விடை கூறுவது எங்கள் கடமை. விடை தெளிவாகும் வரை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டா. மறுமுறையும் கேளுங்கள், நாங்கள் காத்திருப்போம்.